மத்ரஸா உத்திரத்துக் கருவண்டு



திருவண்ணாமலையில் நாம் ஓதிக் கொடுக்கும் மத்ரஸா பழைய ஓட்டுக் கட்டடம். கூரையைத் தாங்கும் உத்திரங்கள் நம் பாட்டனார் காலத்தவை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து ஓதும் அந்தக் கூடத்தில், சென்ற கோடையில் ஒரு மூலையில் மட்டும் மரத்தூள் உதிரத் தொடங்கியது. காலையில் பெருக்கினால் மாலையில் மீண்டும் ஒரு பிடி தூள் கிடக்கும். அண்ணாந்து பார்த்தபோது உத்திரத்தின் அடிப்புறத்தில் விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள் தெரிந்தன. தச்சர் துளைக்கருவி வைத்துப் போட்டதுபோல் அத்தனை வட்டமாக இருந்தன. பெரிய கருவண்டு ஒன்று ரீங்காரமிட்டபடி வந்து அவற்றுள் ஒன்றில் நுழையும். சற்று நேரத்தில் வெளிவந்து பறந்துபோகும். அது வரும்போதெல்லாம் சிறுபிள்ளைகள் அலறிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். பாடம் நின்றுபோகும்.

அந்நாள்களில் பெரிய பிள்ளைகளுக்கு அந்நஹ்ல் அத்தியாயத்தின் 68, 69ஆம் வசனங்களின் பொருளை விளக்கிக்கொண்டிருந்தோம். மலைகளிலும், மரங்களிலும், மனிதர் உயர்த்திக் கட்டுபவற்றிலும் வீடமைத்துக்கொள்ளுமாறு தேனீக்கு அல்லாஹ் உள்ளுணர்வு அளித்ததைக் கூறும் வசனங்கள் அவை. பின் வரிசையில் இருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உத்திரத்தைக் காட்டிக் கேட்டான்: "ஹஜ்ரத், இதுவும் மரத்துலதானே வீடு கட்டுது? அப்போ இதுவும் தேனீயா?"

"அது வண்டு. நீ உன் பாடத்தைப் பார்" என்று சொல்லிவிட்டோம்.

இருபது ஆண்டுகளாக ஓதிக் கொடுத்து வரும் நாம், அண்ணாந்து ஒருமுறை கூர்ந்து பாராமலேயே அந்தப் பதிலைச் சொன்னோம். அதன் விளைவாக நிகழ்ந்ததை மறைக்காமல் சொல்லவே இந்தக் கட்டுரை.

பெற்றோர் சிலர், வண்டு பிள்ளைகளைக் கொட்டிவிடும் என்றும், உத்திரம் உளுத்துக் கூரை இறங்கிவிடும் என்றும் கவலைப்பட்டார்கள். கவலை நியாயமானதே. மண்ணெண்ணெய் ஊற்றித் துளைகளை அடைத்துவிடலாம் என்ற யோசனைக்கு நாமும் இசைந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், வண்டு வெளியே போயிருந்த வேளையில், முதல் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி சிமெண்ட் பூசியாயிற்று. கலந்த சிமெண்ட் தீர்ந்துவிட்டதால் இரண்டாவது துளையை மறுநாளைக்கு விட்டுவைத்தோம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் கூடத்தைத் திறந்தபோது அந்த வண்டு அங்கே இருந்தது. சிமெண்ட் பூசிய இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, அமர்ந்தது, முகத்தால் முட்டியது, மீண்டும் பறந்தது. அதன் பின்னங்கால்கள் மஞ்சள் பூசியதுபோல் மகரந்தத்தால் மூடியிருந்தன. ஏணியில் ஏறி அருகே சென்று பார்த்தோம். அது நம்மைக் கொட்ட வரவில்லை. நம்மை அது பொருட்படுத்தவே இல்லை. தன் கதவைத் தேடிக்கொண்டிருந்தது.

மகரந்தம் சுமந்து வீடு திரும்பும் வண்டு எது? அந்தக் கேள்வி அப்போதுதான் நம் மனத்தில் எழுந்தது. இரண்டாவது துளையை அடைக்கும் வேலையை நிறுத்தினோம்.

பதில் தேட நமக்கு உதவியது தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு படம். நம்மிடம் ஓதி இப்போது இங்கிலாந்தில் வாழும் மாணவர் ஒருவர், தம் வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படத்தைச் சில வாரங்களுக்கு முன் அனுப்பியிருந்தார். உடலெங்கும் அடர்ந்த மயிருடன் உருண்டு திரண்ட ஒரு பூச்சி. கருப்பு உடலில் இரண்டு மஞ்சள் பட்டைகள். வால் நுனி வெளிறியிருந்தது. "ஹஜ்ரத், இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டிருந்தார். வேலைப்பளுவில் அதற்கும் பதில் எழுதாமல் விட்டிருந்தோம். இப்போது இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கினோம்.

அவர் அனுப்பியது பம்பிள்பீ என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் தேனீ. ஐரோப்பாவில் மிகப் பரவலாகக் காணப்படும் இனங்களுள் ஒன்றான அதன் அறிவியல் பெயர் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ். எலிகள் விட்டுச்சென்ற வளை போன்ற நிலத்தடிப் பொந்துகளில் அது கூடமைக்கிறது. ஒரு கூட்டில் சில நூறு தேனீக்கள் இருக்கும். பருவம் முடிந்ததும் கூட்டம் மடிந்துவிடும். இளம் அரசிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கிக் கடுங்குளிரைக் கடந்து, வசந்தத்தில் தனியாகப் புதுக் கூடு தொடங்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தேனீக்கள் காஷ்மீர் உள்ளிட்ட இமயமலைச் சாரலிலும் வாழ்கின்றன. குளிரைத் தாங்குவதற்கான மயிராடை அணிந்த இந்த இனத்தை நம் வட்டாரத்துச் சமவெளியில் காண முடியாது.

அப்படியானால் நம் உத்திரத்தில் இருந்தது எது? முதலில் அது வண்டுதானா என்று பார்த்தோம். தமிழில் வண்டு என்பது விரிந்த சொல். பூவை மொய்ப்பவற்றையும் வண்டு என்போம். முதுகில் கெட்டியான ஓடுள்ள சாணவண்டையும் வண்டு என்போம். ஓடுள்ள வண்டின் மெல்லிய சிறகுகள் அந்த ஓட்டுக்குள் மடிந்திருக்கும். பறக்கும்போது மட்டும் வெளிவரும். நம் கருவண்டுக்கு ஓடு இல்லை. கண்ணாடித்தாள் போன்ற இரண்டு இணைச் சிறகுகள் எப்போதும் வெளியே தெரிந்தன. வெயில் பட்டபோது அவை நீலமாகவும் பச்சையாகவும் ஊதாவாகவும் மின்னின. காலில் மகரந்தம் இருந்தது. இத்தனையும் தேனீயின் அடையாளங்கள். பம்பிள்பீயிடமிருந்து அதைப் பிரித்தறிவதும் எளிது. பம்பிள்பீயின் வயிற்றுப்பகுதி முழுவதும் மயிர் மூடியிருக்கும். நம்முடையதன் வயிற்றுப்பகுதி எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பாகப் பளபளக்கும்.

அது தச்சுத் தேனீ. அறிவியலார் சைலோகோபா என்கிறார்கள். மரம் வெட்டி என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நம் ஊர்ப்பக்கம் இதில் சில இனங்களைக் காணலாம். உடல் முழுதும் கருத்து, சிறகு நீலமாக மின்னும் பெரிய இனம் ஒன்று. மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. இன்னோர் இனத்தில் பெண் தேனீயின் மார்பு மட்டும் பளிச்சென்ற மஞ்சள் மயிரால் மூடியிருக்கும். ஆணோ உடலெங்கும் பொன்மஞ்சள் நிறம். இவ்விரண்டையும் வெவ்வேறு பூச்சிகள் என்றே நாம் இதுவரை எண்ணியிருந்தோம். அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்.

பெற்றோரின் அச்சத்துக்கும் விடை கிடைத்தது. நம் முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண் தேனீ. தன் எல்லைக்குள் வருபவரை அது விரட்டிப் பார்க்கும். ஆனால் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிப் பொதுவாக அது கொட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு நாம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: பார்க்கலாம், பிடிக்கக் கூடாது.

அடுத்து நாம் படித்தது நம்மை நிலைகுலையச் செய்தது. தச்சுத் தேனீ மரத்தைத் தின்பதில்லை. பெண் தேனீ தன் தாடைகளால் மரத்தைச் சுரண்டித் துளையிடுகிறது; சற்று உள்ளே சென்றதும் மரத்தின் இழையோட்டத்தோடு திரும்பிச் சுரங்கம் அமைக்கிறது. கீழே உதிர்ந்த தூள் அந்த வேலையின் மிச்சம். சுரங்கத்தின் கடைக்கோடியில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிடுகிறது. பிறகு மரத்தூளைக் குழைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பி அந்த அறையை மூடுகிறது. அடுத்த அறைக்கு மீண்டும் மகரந்தம், மீண்டும் ஒரு முட்டை, மீண்டும் ஒரு சுவர். பூச்சியினங்களின் முட்டைகளிலேயே மிகப் பெரியவற்றுள் இத்தேனீயின் முட்டையும் ஒன்று. பெரிய முட்டை என்பதால் எண்ணிக்கை குறைவு. ஆயிரக்கணக்கில் பெற்று, சில தப்பினால் போதும் என்று விட்டுவிடும் வாழ்க்கை அன்று இது. ஒரு தாய், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள், ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி உணவு.

அன்று பகலிலேயே தச்சர் ஒருவரை அழைத்துவந்து சிமெண்டை உளியால் பெயர்த்தோம். மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. தடுப்புச் சுவரின் துண்டுகளும், ஈரமாகக் கலங்கிய மஞ்சள் மாவு உருண்டையும் கீழே விழுந்தன. அதற்குமேல் தோண்ட வேண்டாம் என்றோம். சுரங்கம் மேலோட்டமானது, உத்திரம் உறுதியாகவே உள்ளது என்று தச்சர் தட்டிப் பார்த்துச் சொன்னார். ஒரே மரத்தில் ஆண்டுக்கணக்காகத் துளைகள் பெருகினால் வலுக்குறையலாம். இரண்டு துளைகளால் கூரை இறங்காது. இந்தச் சோதனையை வெள்ளிக்கிழமைக்கு முன் செய்திருக்க வேண்டும்.

கால்நடையாகவோ வண்டியிலோ நம் ஊரின் ஓரங்களில் செல்பவர்கள் எருக்கஞ்செடியைக் காணாமல் இருக்க முடியாது. அதன் பூவில் மகரந்தம் தூளாக இராமல் சிறு பொதிகளாக இருக்கும். அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு பூவுக்குப் பூ கொண்டுசெல்லும் வலிமை தச்சுத் தேனீக்கு உண்டு. முருங்கைப் பூவுக்கும் அது முதன்மையான விருந்தாளி. ஆவாரம்பூவிலும் கத்தரிப்பூவிலும் நடப்பது இன்னும் வியப்பானது. அப்பூக்களின் மகரந்தப் பைகள் திறந்துகிடப்பதில்லை. நுனியில் சிறு துவாரம் மட்டுமே இருக்கும். தச்சுத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல், பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்யும். அந்த அதிர்வில் உப்புக்குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். நமக்குத் தேன் தரும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. பம்பிள்பீக்குத் தெரியும். அதனால்தான் 1980களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் தக்காளி விளையும் கண்ணாடிக் கூடங்களுக்குள் பம்பிள்பீக் கூடுகளைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அங்கே விலை கொடுத்து வாங்கும் ஊழியத்தை நம் வீட்டுக் கத்தரிச் செடிக்கு இந்தக் கருவண்டு கூலியின்றிச் செய்கிறது. தன்னால் காய்க்கும் பூக்களும் உண்டுதான். ஆயினும் இத்தகைய தேனீக்கள் வந்துபோகும் செடியில் காய்ப்பு மேம்படுகிறது.

இவ்வினத்தில் இரவில் உலவும் தேனீ ஒன்றும் உண்டு. அதற்கு 1804ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் என்னும் அறிஞர் டிராங்குபாரிக்கா என்று பெயரிட்டார். டிராங்குபார் என்பது நம் தரங்கம்பாடி. டேனியர்கள் அங்கே கோட்டை கட்டி வாழ்ந்ததால் அவ்வூரின் பெயர் ஒரு தேனீக்கு அமைந்தது. இந்தத் தேனீயை மேற்குத் தொடர்ச்சி மலையின் பீமாசங்கர் காட்டில் ஆராய்ந்தவர்கள், நிலவில்லாத இரவிலும் வெறும் விண்மீன் ஒளியில் அது நிறங்களைப் பிரித்தறிந்து தன் கூட்டைக் கண்டுகொள்கிறது என்று 2008இல் வெளியிட்டார்கள். அந்த ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது. தஹஜ்ஜுதுக்கு எழும் நல்லவர்கள் வானத்தைப் பார்க்கும் வேளையில், அதே வானொளியில் ஒரு சின்னஞ்சிறு படைப்பு தன் வீட்டு வாசலின் நிறத்தை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். அந்நஹ்ல் அத்தியாயம் பேசும் தேனீ, மனிதருக்கு நோய் நிவாரணமாகும் பானத்தைத் தருவது. விரிவுரையாளர்கள் அதைத் தேன் சேகரிக்கும் தேனீ என்றே விளக்குகிறார்கள். தச்சுத் தேனீ நமக்குத் தேன் தருவதில்லை. கூட்டமாக அடை கட்டுவதுமில்லை. ஆகவே வசனம் குறிப்பிடும் தேனீ இதுவே என்று நாம் துணிந்து சொல்ல மாட்டோம். ஆயினும் இது தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது; மரத்திலும் மனிதர் கட்டியதிலும் வீடமைப்பது. அவ்வசனங்களில் தேனீக்கான ஏவல் பெண்பால் வினையில் அமைந்திருப்பதை அரபி இலக்கணம் படித்த மாணவர்கள் அறிவார்கள். நம் உத்திரத்தில் வீடு கட்டியதும் ஒரு பெண்தான். "தேனீயின் உறவு, வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் அது சரியான பதிலாக இருந்திருக்கும்.

எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. எறும்பு ஒன்று கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. தீங்கு தருவதை விலக்கிக்கொள்ளும் உரிமையை மார்க்கம் நமக்கு மறுக்கவில்லை. அதன் நுணுக்கங்களைப் பெரிய ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். நம் செயலில் இருந்த குற்றம் அதற்கும் முந்தையது. தீங்கு உண்டா என்று விசாரிக்கவே இல்லை. வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும், அறியாமையால் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பதை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அது மனிதரைப் பற்றி வரும் செய்திக்கு மட்டுமே என்று எண்ணியிருந்தோம் போலும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டுக் கேள்விகள் கேட்கப்பட்டபோது முப்பத்திரண்டுக்குத் தெரியாது என்றே பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. எகிப்தில் வாழ்ந்து 1405இல் மறைந்த இமாம் தமீரி (ரஹ்), விலங்குகளைப் பற்றி அகர வரிசையில் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். பாடங்களில் விலங்குப் பெயர்கள் குறித்து எழுந்த குழப்பமே தம்மை எழுதத் தூண்டியதாக அவர் குறிப்பிடுகிறார். ஒரு பெயர் பிழைபட்டதற்காக அவர் ஒரு நூலையே எழுதினார். நாமோ பிழையான பெயரைச் சொல்லிவிட்டு, அதன்மேல் மண்ணெண்ணெயும் ஊற்றினோம்.

திங்கட்கிழமை பாடத்தில் அந்தச் சிறுவனை எழுப்பி, எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும், "நீ கேட்டது சரி; நாம் சொன்னது தவறு" என்றோம். அது தச்சுத் தேனீ என்றோம். ஸகரிய்யா (அலை) அவர்களும் தச்சராக இருந்தார்கள் என்ற ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸைச் சொன்னதும் பிள்ளைகளின் முகங்கள் மலர்ந்தன. ஆனால் அவன் உட்காரவில்லை. "அப்போ அடைச்ச ஓட்டைல இருந்தது, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

சற்று நேரம் பேச முடியவில்லை. "இறந்துவிட்டது. நாம் செய்த தவறு" என்றோம். இஸ்திக்ஃபார் என்பதன் பொருளை அன்று அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இத்தேனீ வந்தால் செய்யக்கூடியவை சில உண்டு. பூச்சு இல்லாத காய்ந்த மரத்தையே அது நாடும். எனவே உத்திரத்துக்கும் கதவு நிலைக்கும் முன்கூட்டியே வர்ணமோ வார்னிஷோ பூசிவையுங்கள். துளை ஏற்கெனவே இருந்தால், உள்ளிருக்கும் குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோகும்வரை பொறுத்து, போக்குவரத்து நின்றபின் அடையுங்கள்; பழைய துளைகளை அவை மீண்டும் பயன்படுத்தும் என்பதால் அடைப்பது தேவைதான். கொல்லைப்புறத்தில் காய்ந்த மரக்கட்டை ஒன்றையோ மூங்கில் துண்டுகளையோ கட்டித் தொங்கவிடுங்கள். மூங்கிலில் வீடமைக்கும் இனங்களும் உண்டு.

நம் மத்ரஸாவில் அப்படியே செய்தோம். இரண்டாவது துளையில் போக்குவரத்து நின்று பல வாரங்கள் ஆனபின் அதை அடைத்து, உத்திரத்துக்கு வார்னிஷ் பூசினோம். ஒளூ செய்யும் இடத்துக்குப் பின்னால் பழைய கட்டை ஒன்று தொங்குகிறது. அதன் கீழே மரத்தூள் விழுந்திருக்கிறதா என்று அந்தச் சிறுவன் நாள்தோறும் ஓத வருமுன் போய்ப் பார்க்கிறான். இதுவரை விழவில்லை. இங்கிலாந்து மாணவருக்கும் பதில் எழுதிவிட்டோம்.

அறியாமல் நாம் செய்த பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. படைப்புகளை அவற்றின் பெயரறிந்து பார்க்கும் கண்களை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.